பொட்டலில் நான்கு கம்பங்கள்

சூலக்கரை,
22 ஜனவரி 2007

அன்புள்ள தம்பி முனியராஜுக்கு,

உன் மகன் கல்யாணத்தன்று, பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில், உன் பெண்டாட்டி மாரிசெல்வி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "மதினி, வானத்துலருந்து கண்ணுக்குத் தெரியாத தூசி கொட்டிக்கிட்டே இருக்குன்னு சொல்றீகளே, அது எங்க பட்டாசு ரூமுக்குள்ளயும் விழும்ல? விழுந்தா மருந்து பத்திக்காதா?"

எத்தனையோ வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். இவ்வளவு நல்ல கேள்வி என் வகுப்பில் வந்ததாக நினைவில்லை. ஆனால் நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. "கரிஞ்சு போறதுக்கு முன்னாடி நீ அந்த வேலையை விடு" என்றேன். பின்னால் நீ நின்றிருந்தாய். பிறகு நடந்ததை உறவுக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். அன்றைக்கு நின்ற பேச்சு இன்றுவரை நின்றே கிடக்கிறது. போனில் கூப்பிட்டால் முதல் வார்த்தையிலேயே இருவரும் குரலை உயர்த்துவோம். காகிதத்தில் சத்தம் போட முடியாது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் அவளுக்குப் பதில். விழுகிறது. உள்ளங்கையை விரித்துப் பிடித்தால் நிமிஷத்துக்கு நூறு துகளாவது அதைத் துளைத்துக்கொண்டு போகும். ஓடு, கூரை, மருந்து, மனிதர் எதுவும் அதற்குத் தடையில்லை. ஆனால் மருந்து பற்றாது. தேர் சக்கரத்தில் கொசு முட்டினால் தேர் நகருமா? அப்படித்தான். அவளை அந்தப் பயமில்லாமல் இருக்கச் சொல்.

இந்தத் துகள்கள் எங்கிருந்து வருகின்றன என்பதற்கு உங்கள் சரக்கையே உதாரணம் சொல்லலாம். பேன்சி வெடியில் ஒரே குண்டு மேலே போய், வெடித்து, நூறு நட்சத்திரமாக விரிகிறது அல்லவா? அதைத் தலைகீழாக நினைத்துக்கொள். சூரியனுக்கும் வெகு அப்பாலிருந்து ஒரே ஒரு துகள் பாய்ந்து வருகிறது. நம் காற்றின் மேல்பகுதியில் முட்டுகிறது. அது சிதறி, சிதறியது மறுபடி சிதறி, தரைக்கு வரும்போது கோடிக்கணக்கான துகள்களாகப் பொழிகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூமழைக்கு ஒரு சத்தமும் உண்டு. காது கேட்கிற சத்தம் அல்ல, ரேடியோ கேட்கிற சத்தம். பூமியே ஒரு காந்தம் அல்லவா, அது அந்தக் கூட்டத்தில் ஒரு சாராரை இடப்பக்கமும் மறு சாராரை வலப்பக்கமும் ஒதுக்குகிறது. மின்சாரம் உள்ள துகள்கள் அப்படித் திடீரென்று ஒதுங்கினால் ஒரு ரேடியோ துடிப்பு கிளம்பும். இமை மூடுவதற்கு முன்னால் பல லட்சம் முறை வந்து போகக்கூடிய அளவுக்குச் சின்னத் துடிப்பு.

மதுரையில் ஒரு கல்லூரிப் பேராசிரியர், முத்துராமலிங்கம் என்று பெயர், அந்தத் துடிப்பைப் பிடிக்க முயல்கிறார். நானும் கூடச் சேர்ந்துகொண்டேன். எங்கள் மாடியில் ஆண்டெனா வைத்தோம். பக்கத்து வீட்டு டியூப்லைட், தெருவில் போகிற மோட்டார் சைக்கிள், மாவு மில் என்று எல்லாமே அதில் கத்தின. சிவகாசிப் பக்கம் போனால் அச்சு இயந்திரங்கள். நோயாளியின் நெஞ்சில் குழாய் வைத்துவிட்டுத் திருவிழாக் கூட்டத்தில் நிற்பது போல இருந்தது.

அப்போது உன் பட்டாசுக் கம்பெனி ஞாபகம் வந்தது. ஊரெல்லாம் சத்தத்துக்குப் பேர்போன இடம், ரேடியோவுக்கு இந்த மாவட்டத்திலேயே அமைதியான இடமாக இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். வேலை நடக்கிற பக்கம் கரண்ட் கிடையாது, மோட்டார் கிடையாது, போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறீர்கள். சுவருக்கு வெளியே உங்கள் முதலாளியின் பொட்டல் நிலம் சும்மா கிடக்கிறது. அங்கே ஆள் உயரத்துக்கு நான்கு மரக்கம்பம் நட்டு, துணிக்கொடி மாதிரிக் கம்பி கட்ட வேண்டும். பேட்டரியில் ஓடும். நீ ஒரு வார்த்தை கேட்டுச் சொல்வாயா?

அக்கா,
குருவம்மாள்


நாரணாபுரம்,
31.1.2007

டீச்சரம்மா அவர்களுக்கு, போர்மேன் முனியராஜ் எழுதிக்கொண்டது.

கடிதம் கிடைத்தது. மாரிசெல்விக்கு வாசித்துக் காட்டினேன். கொசு, தேர் கதையைக் கேட்டுச் சிரித்தாள். "மதினிக்கு இதைச் சொல்ல ஒரு வருஷமாச்சா" என்றாள். நான் சிரிக்கவில்லை.

நீங்க அன்றைக்குச் சொன்னது அவளை மட்டும் சொன்னதில்லை. என்னையும் சொன்னது. அந்த ரூம்களுக்குப் பொறுப்பு நான். சம்பந்திக்காரங்க முன்னால "கரிஞ்சு போவ" என்று சொன்னால், அவள் புருஷன் அவளைக் கொள்ளிக்கு அனுப்புகிறான் என்றுதானே அர்த்தம்? நான் போர்மேனாக வந்த நாள்முதல் என் ரூம்களில் ஒரு பொறி பறந்தது கிடையாது. சுற்றுவட்டாரத்தில் எங்கெங்கோ என்னென்னவோ நடந்தது. என் பார்வையில் நடக்கவில்லை. உங்க பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைகூட பெயிலாகாத வருஷம் உண்டா, நீங்களே சொல்லுங்க.

அமைதியான இடம் என்று கண்டுபிடித்து எழுதியிருக்கீக. கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை, என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒரு பொறி பறந்தால் எங்க கதை முடிந்தது. அதனால் பொறி வருகிற எதுவும் உள்ளே வராது. வேன்கூட வாசலுக்கு வெளியேதான் நிற்கும். இரும்புச் சாமான் கிடையாது, பித்தளையும் மரமும்தான். ரூமுக்குள் நுழைகிறவர்கள் வாசலில் உள்ள செம்புத் தகட்டை வெறுங்கையால் தொட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். உடம்பில் ஏறியிருக்கிற கரண்ட் அது வழியாக மண்ணுக்குள் போய்விடும். இதை நீங்க எனக்குச் சொல்லித்தரவில்லை.

முதலாளி சங்கிலிமுத்து அண்ணாச்சியிடம் கேட்டேன். இதனால் இன்ஸ்பெக்டர் யாரும் வருவாரா என்று கேட்டார். வர மாட்டார் என்றேன். உலகத்துக்கு நம்ம கம்பெனி பேர் தெரியுமா என்று கேட்டார். வானத்துக்குத் தெரியும் என்றேன். சரி, சுவரிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்.

எனக்கு ஒரே ஒரு நிபந்தனை. கம்பம் ஊன்றுங்க, கம்பி கட்டுங்க, வானத்தோடு பேசுங்க. எங்க வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினால் அன்றைக்கே கம்பத்தைப் பிடுங்கி உங்க வாசலில் போடுவேன்.

இப்படிக்கு,
முனியராஜ்


சூலக்கரை,
18 பிப்ரவரி 2007

அன்புள்ள தம்பிக்கு,

நிபந்தனைக்குச் சம்மதம்.

கம்பம் நட்ட அன்று நீ சுவருக்கு இந்தப் பக்கம் வரவில்லை. ஆனால் தூக்குவாளியில் டீ வந்தது. வாட்ச்மேன் பெத்தணன், "கம்பெனி டீ" என்று சொல்லிக் கொடுத்தார். அதில் சுக்கு இருந்தது; டீயில் சுக்கு போடுவது உனக்கு மட்டும்தான் பழக்கம். பேராசிரியர் இரண்டு டம்ளர் குடித்தார்.

இப்போது என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். நான்கு கம்பத்திலும் கம்பி. பொட்டலில் சும்மா கிடந்த பழைய பம்பு அறைக்குள் பதிவுக் கருவியும் பேட்டரியும். கூடவே இரண்டு தகரப் பெட்டிகள். அந்தப் பெட்டிகள் துகள்களை எண்ணுபவை. கம்பிகள் ரேடியோவைக் கேட்பவை. காதும் கண்ணும் என்று வைத்துக்கொள். வாரம் ஒருமுறை பேராசிரியரின் ஆள் வந்து பதிவான சிடியை எடுத்துப்போகிறார். ஒரு பிரதி எனக்கும் வருகிறது.

பூமழை இன்னும் சிக்கவில்லை. ஆனால் வேறொன்று கேட்டது. பின்னணியில் ஒரு மெல்லிய இரைச்சல் தினமும் ஏறி இறங்குகிறது. காற்றாக இருக்குமோ, ஊர்ச் சத்தமோ என்று பார்த்தோம். ஊர்ச் சத்தம் கடிகாரம் பார்த்து நடக்கும். வேன் வருகிற நேரத்துக்கு வரும். இது தினமும் முந்தின நாளைவிட நாலு நிமிஷம் முன்னால் வருகிறது. நட்சத்திரங்கள் அப்படித்தான் உதிக்கும். அது பால்வெளியின் இரைச்சல், தம்பி. உங்கள் பொட்டலுக்கு நேர் மேலே பால்வெளி கடக்கும்போது அது கூடுகிறது. என் மாடியில் மாவு மில்தான் கேட்டது. உங்கள் இடத்தில் பால்வெளி கேட்கிறது. நீ உள்ளே ஒரு பொறியையும் விடாமல் வைத்திருப்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இது உங்கள் வேலையைப் பற்றிய வார்த்தை என்றால் மன்னித்துக்கொள். பாராட்டு நிபந்தனையில் சேராது என்று நினைத்தேன்.

அக்கா


நாரணாபுரம்,
11.3.2007

அக்காவுக்கு,

பாராட்டை மாரிசெல்வி ரூமில் எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். "எங்க போர்மேனுக்கு நட்சத்திரம் சர்டிபிகேட் குடுத்திருக்கு" என்று பொம்பளைகள் கேலி பண்ணுகிறார்கள். சுக்கு விஷயத்தை எழுதியிருக்க வேண்டாம்.

இங்கன ஒரு பஞ்சாயத்து. ஆடு ஒன்று உங்க வடக்குக் கம்பத்தில் முதுகு தேய்த்துச் சாய்த்துவிட்டது. பெத்தணன் நிமிர்த்தி வைத்திருக்கிறார். அந்தக் கம்பங்கள் மழையை விரட்டும் என்று அவர் ஆட்டுக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார் போல. மழை வராததற்கு இப்போது உங்களைத்தான் திட்டுகிறார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். சும்மா கேட்கிறேன். வானத்திலிருந்து வருகிற துடிப்பு வேறு, தரையிலிருந்து வருகிறது வேறு என்று எப்படித் தெரியும்? இரண்டும் ரேடியோதானே? லோடு லாரி ஒன்று ரோட்டில் போனால் அதை நட்சத்திரம் என்று எழுதிவிட மாட்டீகளா?

பங்குனிப் பொங்கல் வருகிறது. போன வாரம் கம்பெனி பூராவும் பெயின்ட் அடித்தோம். அண்ணாச்சி பச்சை வாங்கிக் கொடுத்தார். கேட், கதவு, தண்ணீர்த் தொட்டி, எல்லா ரூம் வாசலும் பளபளவென்று இருக்கிறது. நான் நின்று பார்த்து அடிக்கச் சொன்னேன், ஒரு சாமான்கூட விடவில்லை. எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாகிவிட்டது. உங்க கம்பத்துக்கும் மாரிசெல்வி ஒரு பொட்டு வைத்திருக்கிறாள். அதனால் வானம் கோபித்துக்கொள்ளாதே?

தம்பி


சூலக்கரை,
17 மார்ச் 2007

அன்புள்ள தம்பிக்கு,

பொட்டு வைத்ததில் வானத்துக்கு மிகவும் சந்தோஷம்.

உன் சந்தேகம் சும்மா கேட்கிற சந்தேகம் அல்ல. எங்கள் வேலையே அதுதான். கோயிலில் வேட்டுப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள். தெருவின் இந்தக் கோடியில் இருப்பவனுக்கு முதலிலும், அந்தக் கோடியில் இருப்பவனுக்குப் பிறகும் கேட்கும். யாருக்கு எப்போது கேட்டது என்று விசாரித்தால், கோயிலைப் பார்க்காதவன்கூட அது எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். எங்கள் நான்கு கம்பமும் அந்தத் தெரு ஜனங்கள். தலைக்கு மேலிருந்து வந்தால் நான்குக்கும் அனேகமாக ஒன்றாகவே கேட்கும். தரையிலிருந்து வந்தால் பக்கத்துக் கம்பத்துக்கு முதலிலும் தூரத்துக் கம்பத்துக்குக் கடைசியிலும் கேட்கும். வித்தியாசம் மிகமிகச் சிறியது. ஆனால் கருவி அதை அளந்துவிடும்.

இன்னொரு சோதனையும் உண்டு. உண்மையான பூமழை என்றால் ரேடியோ துடித்த அதே கணத்தில் தகரப் பெட்டிகளிலும் துகள் விழுந்திருக்க வேண்டும். கம்பி மட்டும் துடித்து, பெட்டி சும்மா இருந்தால் அது தரைச் சத்தம். பேராசிரியர் அவற்றைத் தனியே ஒதுக்கிவிடுவார்.

ஒதுக்கியதை நான் வாங்கிப் பார்ப்பதாக இருக்கிறேன். வகுப்பிலும் எனக்கு அந்தப் பழக்கம்தான். சரியான விடைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். தப்பான விடைத்தாள்தான் பிள்ளை என்ன நினைத்தான் என்று சொல்லும்.

அக்கா


கம்பெனி வாசல்,
28 மார்ச், காலை

முனியராஜ்,

இதைப் பெத்தணன் உன் கையில் தருவார். உனக்குப் போன் போட்டேன். அது இங்கே அவர் மேசைப் பெட்டிக்குள் கிடந்து அடிக்கிறது. வெளியாளை உள்ளே விடக்கூடாது என்று உன் உத்தரவாம், அவர் மீற மாட்டேன் என்கிறார். கேட் பாஸின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

நான் உனக்குக் கொடுத்த வாக்கை மீறப் போகிறேன். கடைசிவரை படி.

ஒதுக்கிப் போட்ட துடிப்புகளை நேற்று சாயங்காலம் வரைபடமாகப் போட்டேன். மார்ச் முதல் வாரம்வரை உன் சுவர்ப் பக்கமிருந்து ஒன்றுமே இல்லை. அதற்குப் பிறகு இருக்கிறது. வேலை நாளில் மட்டும் வருகிறது. காலையில் ஆட்கள் வந்ததும் தொடங்கி, வேலை விட்டதும் நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை இல்லை. தகரப் பெட்டிகளில் எதுவும் விழவில்லை. நான்கு கம்பத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்தை வைத்துப் பார்த்தால், ரோட்டுப் பக்கம் இல்லை, வேன் நிற்கிற பக்கம் இல்லை. ரூம்கள் வரிசையாக நிற்கிற பக்கம். அதிகமாக வருவது வெடிக்குள் மருந்து செலுத்துகிற ரூம் இருக்கிற திசையிலிருந்து. மாரிசெல்வி இருக்கிற ரூம்.

இந்த மாதிரிச் சிறிய, கூர்மையான துடிப்பை உண்டாக்குவது ஒன்றே ஒன்றுதான். பொறி. மனுஷ உடம்பிலிருந்து உலோகத்துக்குத் தாவுகிற பொறி.

அந்த ரூம்களைக் காலி செய். பிறகு என்னைத் திட்டு. பதில் வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

குருவம்மாள்


உள்ளேயிருந்து, 28.3

டீச்சரம்மாவுக்கு,

சம்மதம் என்று எழுதிய மை காயவில்லை. அதற்குள் நட்சத்திரத்தைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டீக. கல்யாண வீட்டில் சொன்னதையே இப்போது கம்பி கட்டிச் சொல்கிறீக.

என் ரூமில் பொறி பறந்தால் இந்தக் காகிதத்தை எழுத நான் இருக்க மாட்டேன். ஆர்டர் நெருக்குகிறது. வெயிலில் உட்காராதீக. பத்தரை பஸ்ஸுக்குப் போங்க.

முனியராஜ்


கம்பெனி வாசல்

தம்பி,

பஸ்ஸுக்குப் போகவில்லை.

நீ சொல்வது சரி, பறந்த பொறி மருந்தில் விழவில்லை. தாழ்ப்பாளிலோ, தராசிலோ விழுந்திருக்கும். அதனால்தான் நாம் இரண்டு பேரும் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

உன் கவனத்தை நான் குறை சொல்லவில்லை. பிப்ரவரி முழுவதும் அந்தப் பக்கம் சுத்தமாக இருந்தது. அதற்கும் இந்தக் கம்பிகள்தான் சாட்சி. அப்போது நம்பினாயே, இப்போதும் நம்பு. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் யோசி: மார்ச் முதல் வாரத்தில் உன் ரூம்களில் என்ன மாறியது?

அக்கா


உள்ளேயிருந்து

அக்கா,

எல்லாரையும் வெளியே வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிட்டேன். போகாதீக. இருங்க.


நாரணாபுரம்,
2.4.2007

அன்புள்ள அக்காவுக்கு,

அன்றைக்கு வாசலில் டீயைக் கொடுத்தேனே தவிர, உள்ளே என்ன கண்டேன் என்று சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை. டீ குடித்துவிட்டுப் போய்விட்டீக. அதனால் எழுதுகிறேன்.

உங்க இரண்டாவது சீட்டைப் படித்தபோது மருந்து செலுத்துகிற ரூம் வாசலில்தான் நின்றிருந்தேன். என்ன மாறியது என்று கேட்டிருந்தீக. ஆள் மாறவில்லை. மருந்து மாறவில்லை. அப்போது அந்த ரூமில் வேலை பார்க்கிற சுப்புலட்சுமி தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போக வந்தாள். வழக்கம்போலத் தகட்டைத் தொட்டாள். தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் தகட்டைப் பார்த்தேன். பச்சை.

ஒரு சாமான்கூட விடவில்லை என்று உங்களுக்கு எழுதினேனே. விடவில்லை. நம்ம உசுரைக் காக்கிற தகடு என்று அதற்கு மட்டும் இரண்டு கோட்டிங் அடிக்கச் சொன்னேன். மேலே சந்தனம், குங்குமம். எனாமல் பெயின்ட் கரண்டைக் கடத்தாது என்பது எனக்குத் தெரியாத விஷயமா? கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஆனால் அன்றைக்கு நான் அதைத் தகடாகப் பார்க்கவில்லை, சாமியாகப் பார்த்தேன். பொம்பளைகளும் அப்படித்தான். முன்னால் ஏனோதானோ என்று தொட்டவர்கள், பொட்டு வைத்த பிறகு பக்தியாகத் தொட்டார்கள். தொட்டுவிட்டு, உடம்பில் இருந்த கரண்ட் அப்படியே இருக்க, மருந்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

மரத்தடியில் வைத்து எல்லாரிடமும் கேட்டேன், கொஞ்ச நாளாகத் தாழ்ப்பாளைத் தொட்டால் சுருக் என்கிறதா என்று. மாரிசெல்விதான் வாயைத் திறந்தாள். "சுருக்குங்கத்தான் செய்யுது. உங்ககிட்டச் சொன்னா, நட்சத்திரமே சர்டிபிகேட் குடுத்த ரூமுலயான்னு கேப்பீக. அதான் சொல்லல."

பொறி பறந்தது ஒரு பக்கம். என் பொண்டாட்டியே என்னிடம் சொல்லப் பயந்திருக்கிறாள் என்பது இன்னொரு பக்கம். ஒரு பொறி பறந்தது கிடையாது, ஒரு பொறி பறந்தது கிடையாது என்று நான் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி, பறந்தால்கூட யாரும் என்னிடம் சொல்ல முடியாதபடி ஆக்கி வைத்திருக்கிறேன்.

தகடு எல்லாவற்றையும் கழற்றி, வாசலுக்கு வெளியே கொண்டுபோய், உப்புத்தாள் போட்டு நானே தேய்த்தேன். வேறு யாரையும் விடவில்லை. செம்பு சிவக்கச் சிவக்க வந்தது. கம்பி மண்ணுக்குள் ஒழுங்காகப் போகிறதா என்று ஒவ்வொன்றையும் தோண்டிப் பார்த்தேன். பருத்திக் கோட்டுக்கு உள்ளே, உரசினாலே கரண்ட் ஏறுகிற பூனம் சேலை கட்டிக்கொண்டு வருவதை இத்தனை நாளும் பார்த்தும் பார்க்காமல் இருந்தேன். அதுக்கும் தடை போட்டாச்சு. பருத்திச் சேலை காய நேரமாகும் என்று சண்டைக்கு வந்தார்கள். காயட்டும் என்றேன்.

அண்ணாச்சியிடம் நானே போய்ச் சொன்னேன். பச்சை பெயின்ட் வாங்கிக் கொடுத்தது நான்தானே என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்கா, ஒன்று கேட்கிறேன். இன்றைக்குக் காலையிலிருந்து வேலை மறுபடி தொடங்கியாச்சு. வாசலில் நின்று ஒவ்வொரு கையாகப் பார்க்கிறேன். ஆனால் பொறி கண்ணுக்கும் தெரியவில்லை, காதுக்கும் கேட்கவில்லை. உங்க கம்பிக்குத்தான் கேட்கும். இப்போது கேட்கிறதா, இல்லையா? சிடி வந்ததும் முதல் வேலையாக எழுதுங்க. அதுவரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

உங்க தம்பி,
முனியராஜ்


சூலக்கரை,
29 ஏப்ரல் 2007

அன்புள்ள தம்பிக்கு,

முதல் வாரத்துச் சிடியைப் பார்த்துவிட்டு, "இல்லை" என்று ஒரே வார்த்தையில் தபால் அட்டை போட்டேன், கிடைத்திருக்கும். இப்போது மற்ற வாரங்களையும் பார்த்துவிட்டேன். அந்தத் திசை பிப்ரவரியில் இருந்ததுபோல் சுத்தமாக இருக்கிறது. திங்கள் இல்லை, செவ்வாய் இல்லை, எந்த வேலை நாளிலும் இல்லை. இனி ஒதுக்கிப் போடுகிற துடிப்புகளில் அந்தத் திசை மட்டும் தனியாக என்னிடம் வரும் என்று பேராசிரியரிடம் ஏற்பாடு செய்திருக்கிறேன். ஒன்று வந்தாலும் உனக்குச் சொல்வேன். ஆனால் சிடி என் கைக்கு வர ஒரு வாரம் ஆகும், மாரிசெல்வியின் கைக்கு உடனே தெரியும். அதனால் சுருக் என்றால் முதலில் உன்னிடம் சொல்லும்படி நீ அவர்களைப் பழக்கு. என் கம்பிகள் அதற்கு அப்புறம்தான்.

இப்போது இன்னொரு சேதி. பத்தொன்பதாம் தேதி மத்தியானம், நீங்கள் சோற்றுக்கு உட்கார்ந்திருக்கும் நேரத்தில், நான்கு கம்பமும் துடித்தன. இரண்டு தகரப் பெட்டியிலும் அதே கணத்தில் துகள் கொட்டியிருக்கிறது. வந்து சேர்ந்த நேரங்களைப் போட்டுப் பார்த்தோம். ரோடு இல்லை, ரூம் இல்லை, தரையே இல்லை. ஏறக்குறைய உச்சியிலிருந்து, கொஞ்சம் வடக்கே சாய்ந்து வந்திருக்கிறது. பேராசிரியர் இன்னும் நம்பாத மாதிரிதான் பேசுகிறார்; நம்புவதற்கு முன்னால் நாலு தடவை சந்தேகப்படுவது அவர் வேலை. எனக்குச் சந்தேகம் இல்லை. இந்தப் பொட்டலுக்கு வந்த முதல் பூ அது.

எவ்வளவு பெரிது என்று மாரிசெல்வி கேட்பாள். ஆள் உயரத்திலிருந்து ஒரு புளியங்கொட்டையைக் கீழே போட்டால் தரையில் என்ன பலத்தோடு விழுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு பலம். பூ என்று ஏமாந்துவிடாதே: அந்தப் பலம் முழுவதும் அணுவைவிடச் சின்ன ஒரே துகளுக்குள் இருந்தது. அதை அவ்வளவு வேகமாக எது வீசியது, எங்கிருந்து வீசியது என்று உலகத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. எனக்கு வயதான காலத்தில் தெரியாதது ஒன்று கிடைத்திருக்கிறது.

உன் தகடுகள் பச்சையாகவே இருந்திருந்தால் பகலில் வந்த இந்தத் துடிப்பைப் பேராசிரியர் இன்னும் நாலு தடவை கூடுதலாகச் சந்தேகப்பட்டிருப்பார்.

கல்யாண வீட்டில் நான் மாரிசெல்வியிடம் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. அந்த வேலையை அவள் விட்டால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். விட மாட்டாள் என்பதும் தெரியும். அதைப் பற்றி அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து உன்னோடு சண்டை போடுகிறேன். மீன் வாங்கி வை.

பூனம் சேலையைப் பற்றி ரூமில் இன்னும் தகராறு என்று மாரிசெல்வி போனில் சொன்னாள். நீ தடை போட்டால் கோபம்தான் வரும், தம்பி. அந்தச் சேலையில் பிறக்கிற பொறியை அவர்கள் காதாலேயே கேட்கட்டும். வீட்டில் வைத்துச் செய்கிற சோதனை இது. மருந்துக் கையோடு யாரும் வரக்கூடாது, கம்பெனிப் பக்கம் ரேடியோவைக் கொண்டுபோகவும் கூடாது. காற்று காய்ந்திருக்கிற ஒரு மத்தியானமாகப் பார்த்து, ரேடியோவை மீடியம் வேவில் ஸ்டேஷன் எதுவும் எடுக்காத இடத்தில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, பீரோவுக்குப் பக்கத்தில் வை. பூனம் சேலை கட்டிய ஒருத்தியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காரச் சொல். பிறகு அவள் சட்டென்று எழுந்து பீரோ கைப்பிடியைத் தொடட்டும். தொடுகிற அந்த நொடியில் யாரும் பேசாமல் ரேடியோவைக் கேளுங்கள்.

அக்கா,
குருவம்மாள்